விளக்கை வேலைக்குப் பிடி

மார்ச்சு மாதம் பிறந்துவிட்டால் நம் பங்குகளில் புனித சூசையப்பர் வணக்கமாதம் தொடங்கிவிடும். ஆண்டு முழுவதும் பக்கப்பீடத்தில் அமைதியாக நிற்கும் சுரூபத்தின் தூசு துடைக்கப்படும். கண்ணாடிப் பேழைக்குப் புதுத் திரை வரும். லீலி மலர்க் கிளைக்குப் புது வண்ணம் பூசப்படும். இவ்வாண்டு நம் பங்கின் இளைஞர்கள், கடந்த ஆண்டைவிடக் கூடுதல் ஒளி வேண்டுமென்று தீர்மானித்து, கடலூரிலிருந்து சீரியல் விளக்குச் சரங்களை வாடகைக்கு எடுத்து வந்தனர். பேழையைச் சுற்றி நீலம், பச்சை, சிவப்பு என மூன்று வரிசைகள்; உச்சியில் இரண்டு குழல்விளக்குகள்.

முதல் நாள் மாலைச் செபம் முடிந்ததும் முதிய அம்மையார் ஒருவர் புருவத்தின்மேல் கைவைத்துப் பேழையை நெடுநேரம் உற்றுநோக்கினார். பிறகு நம்மிடம் வந்து, “வெளிச்சம் நல்லாத்தான் இருக்கு சாமி. ஆனா சூசையப்பர் முகம்தான் தெரியலை” என்றார். சென்று பார்த்தோம். உண்மைதான். கண்ணாடியெங்கும் விளக்குகளின் பிம்பங்கள். புனிதர் அவற்றுக்குப் பின்னால் எங்கோ இருந்தார்.

அன்றிரவு திருப்புகழ்மாலை நூலைத் திறந்தபோது, முப்பது ஆண்டுகளாகப் பக்க அடையாளமாக அதில் கிடக்கும் சிறு பட அட்டை ஒன்று கையில் பட்டது. நாம் குருமடத்தில் இறையியல் பயின்ற காலத்தில், முதிய பிரெஞ்சுக் குருவானவர் ஒருவர் நமக்குத் தந்த அட்டை அது. 1776ஆம் ஆண்டு முதல் புதுவை மறைபரப்புப் பகுதியைப் பேணி வளர்த்த பாரீசு அயல்நாட்டு மறைபரப்புக் கழகத்தாரின் கடைசித் தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். அட்டையைக் கொடுத்தபோது விளக்கம் எதுவும் சொல்லவில்லை. “விளக்கு யார் கையில் இருக்கிறது என்று மட்டும் பார்” என்றார்.

படத்தில் இருப்பது ஒரு தச்சுப் பட்டறை. நேரம் இரவு. இடப்புறம் சூசையப்பர் குனிந்து நிற்கிறார். தரையில் கிடக்கும் கனத்த மரச்சட்டத்தில் இரு கைகளாலும் துறப்பணத்தைத் திருகித் துளையிடுகிறார். சட்டைக் கைகள் மேலே சுருட்டப்பட்டிருக்கின்றன. நெற்றியில் சுருக்கங்கள் விழுந்திருக்கின்றன. தரையில் ஒரு கொட்டாப்புளி, ஓர் உளி, சுருண்டு கிடக்கும் ஒரு மரச்சீவல். வலப்புறம் சிறுவன் இயேசு ஒரு கையில் மெழுகுதிரியை ஏந்தி, மறுகையால் சுடரை மறைத்துக் காக்கிறார். சுடரின் ஒளி அந்தப் பிஞ்சு விரல்களை ஊடுருவி அவற்றைச் செந்நிறமாக்குகிறது. நகக்கண்களில் அழுக்கு இருப்பதும் தெரிகிறது. இறைமகனின் நகங்களில் பட்டறை அழுக்கு! இந்த ஓரிடத்தை எண்ணியே நாம் பலநாள் மனுவுருவேற்றின் மறைபொருளைத் தியானித்ததுண்டு.

இதனைத் தீட்டியவர் ஜார்ஜ் தெ லா தூர். 1593இல் பிரான்சின் கிழக்கெல்லையிலுள்ள லொரேன் நாட்டில் விக் என்னும் சிற்றூரில் பிறந்து, லுனேவில் நகரில் வாழ்ந்தவர். ஏறத்தாழ 1642இல் வரையப்பட்ட இவ்வோவியம் இன்று பாரீசின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. உயரம் 137 செ.மீ., அகலம் 102 செ.மீ. அவர் இதை வரைந்த காலம் அமைதியான காலமன்று. 1618இல் தொடங்கி முப்பதாண்டு நீடித்த போர் லொரேனைச் சூறையாடியது. 1638இல் லுனேவில் நகரமே தீக்கிரையாயிற்று. ஒரு நகரம் எரிந்த வெளிச்சத்தைக் கண்ட மனிதர், நான்கே ஆண்டுகள் கழித்து, ஒரு குழந்தையின் கைக்குள் அடங்கும் சுடரை வரைந்திருக்கிறார்.

அவரைப் புனிதரென்று எண்ணிவிட வேண்டா. வரி செலுத்த மறுத்தவர். அவர் வளர்த்த நாய்களால் பயிர்கள் பாழாகின்றன என்று ஊரார் முறையிட்ட ஆவணமும் உண்டு. 1652 ஜனவரியில் மனைவியும் அவரும் சில நாள் இடைவெளியில் நோயுற்று மறைந்தனர். அதன்பின் உலகம் அவரை அடியோடு மறந்தது. 1915இல் ஹெர்மன் வோஸ் என்னும் செர்மானியக் கலை வரலாற்றறிஞர் அவர் பெயரை மீட்டெடுக்கும்வரை, அவருடைய ஓவியங்கள் பிறர் பெயர்களில் தொங்கிக்கொண்டிருந்தன. தூய்மையற்ற பாத்திரத்திலும் இறைவன் தம் ஒளியை ஊற்றுவார் என்பதற்கு, குருக்களாகிய நமக்கு வேறு சான்று தேவையில்லை.

ஓவியம் பிறந்த காலத்தைக் கலை வரலாற்றில் பரோக் காலம் என்பர். 1563இல் நிறைவுற்ற திரெந்து பொதுச்சங்கம், திருவுருவங்களுக்குச் செலுத்தும் வணக்கம் அவை சுட்டும் புனிதர்களையே சேர்கிறது என்று தெளிவுபடுத்தியது. கற்றோர் கல்லாதோர் அனைவரின் உள்ளத்தையும் அசைக்கும் கலையைத் திருச்சபை விரும்பியது. ஓவியர்கள் ஒளியைப் பற்றிக்கொண்டனர். கரவாஜியோ 1600இல் உரோமையில் தீட்டி முடித்த ‘மத்தேயுவின் அழைப்பு’ ஓவியத்தில், ஒளி சட்டத்துக்கு வெளியே உயரத்திலிருந்து சாய்வாக வந்து, பணம் எண்ணும் மேசைமீது விழுகிறது. உரோமை இயேசு ஆலயத்தின் உட்கூரையிலோ இயேசுவின் திருப்பெயரிலிருந்து ஒளி வெள்ளமாகப் பொழிகிறது. நம் கோவா நகரின் போம் ஜேசு பேராலயத்துப் பொற்பீடத்திலும் அதே திருப்பெயர் கதிரவனைப்போல் சுடர்விடுகிறது. இவை யாவும் மேலிருந்து வரும் ஒளிகள்.

லா தூரின் ஒளி மேலிருந்து வருவதன்று. வானதூதர் இல்லை, முகில் இல்லை, தலையைச் சுற்றிப் பொன்வட்டம்கூட இல்லை. ஒரு மெழுகுதிரி மட்டுமே உண்டு. அது அணைந்தால் படமே இல்லை. அந்தத் திரியோ தந்தையின் கையில் இல்லாமல் பிள்ளையின் கையில் இருக்கிறது. குழந்தையை வளர்க்கும் பொறுப்பைப் பெற்றவர், அக்குழந்தை காட்டும் வெளிச்சத்தில் தம் வேலையைச் செய்கிறார். பிரெஞ்சுக் குருவானவர் பார்க்கச் சொன்னது இதைத்தான். ஆனால் நமக்கோ அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் இறையியலுக்கு முன்பாக வேறொன்று நினைவுக்கு வந்து நெஞ்சை உறுத்தும்.

நம் தந்தையார் தச்சர். கடலூர் முதுநகரில், உப்பனாற்றை அடுத்த சந்து ஒன்றில், ஓலை வேய்ந்த கொட்டகையே அவருடைய பட்டறை. நிலைகளும் சன்னல் சட்டங்களும் கட்டில்களும் செய்வார். பட்டறைக்கு மின்சாரம் வராத காலம் அது. யாராவது வாசற்கால் வைக்க நாள் குறித்துவிட்டால் இரவிலும் வேலை நடக்கும். அப்போது அரிக்கேன் விளக்கைப் பிடித்து நிற்பது நம் கடமை. வயது பத்திருக்கும். தூக்கம் கண்ணைச் சுழற்றும். விளக்கைச் சுற்றும் ஈசல்களைப் பார்ப்பதற்காக அதை முகத்தருகே உயர்த்துவோம். தந்தையார் தலை நிமிராமலே சொல்வார்: “விளக்கை உன் மூஞ்சிக்குப் பிடிக்காதடா. வேலைக்குப் பிடி.”

ஓரிரவு அப்படி விளக்கு விலகிய நொடியில் உளி நழுவி அவருடைய இடக்கைப் பெருவிரலில் இறங்கிவிட்டது. அவர் திட்டவில்லை. கந்தல் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு மிச்ச வேலையை முடித்தார். மறுநாள் பட்டறைத் தூணில் ஓர் ஆணியடித்து விளக்கை அதில் மாட்டினார். அதன்பின் நம்மை அழைக்கவே இல்லை. அப்போது அதை விடுதலை என்று எண்ணி மகிழ்ந்தோம். வளர்ந்தபின், அந்த ஆணி நம் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்று தோன்றத் தொடங்கிற்று. பள்ளி முடித்துக் குருமடம் செல்ல விரும்புவதாகச் சொன்னபோதும் அவர் “சரி” என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார். அவருக்குப் பின் அந்தப் பட்டறையில் உளி பிடிக்க ஆளில்லை என்பது இருவருக்கும் தெரியும். இருவரும் அதைப் பேசவில்லை.

1997இல் நாம் குருப்பட்டம் பெற்றோம். புதுக்குருவின் கைகளை முத்தமிட வந்த வரிசையில் தந்தையாரும் நின்றார். உளி பட்ட தழும்புள்ள பெருவிரலோடு நம் கைகளைப் பற்றி, “ஆசீர்வாதம் கொடுங்க சாமி” என்றார். அன்று முதல் அவர் வாயில் நாம் ‘தம்பி’ இல்லை, ‘சாமி’ ஆனோம். “வாங்க சாமி”, “சாப்பிட்டீங்களா சாமி.” அது நம் மக்கள் குருத்துவத்துக்குச் செலுத்தும் மரியாதை, குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆயினும் பெற்ற தகப்பன் வாயிலிருந்து அச்சொல் வரும்போதெல்லாம், தூணில் அடித்த ஆணியே நினைவுக்கு வரும்.

பின்னர் மேலிடத்தின் விருப்பப்படி சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை பயின்றோம். அங்கே தேம்பாவணியை நமக்குக் கற்பித்தவர் திருநீறு துலங்கும் நெற்றியுடைய சைவப் பேராசிரியர். ஒருநாள் வகுப்பில் அவர் கேட்டார்: “உங்கள் நற்செய்தி நூல்களில் சூசை ஒரு வார்த்தையும் பேசவில்லையே. அப்படிப்பட்டவரைக் காவியத் தலைவராக்கி 3615 பாடல்கள் பாட முனிவருக்கு எப்படித் துணிவு வந்தது?” நாம் மறுமொழி தேடித் திகைத்தோம். அவரே, யோசேப்பு என்னும் எபிரேயப் பெயருக்குப் ‘பெருகுதல்’ என்ற பொருள் இருப்பதையறிந்து வீரமாமுனிவர் அவரை ‘வளன்’ என்று தமிழாக்கிய நயத்தை விளக்கினார்.

லா தூர் மறைந்து 28 ஆண்டுகள் கழித்து, 1680இல், இத்தாலியின் காஸ்திலியோனே நகரில் பிறந்தவர் வீரமாமுனிவர். அவரும் பரோக் காலத்தின் பிள்ளையே. நம் கடலூர் மாவட்டத்துக் கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்கு ஆலயம் எழுப்பியவர். சூசையப்பர் பக்தி திருச்சபையில் தழைத்த காலம் அது. அவிலா தெரேசம்மாள் 1562இல் தாம் சீர்திருத்திய முதல் மடத்துக்குச் சூசையப்பர் பெயரையே சூட்டினார். 1621இல் மார்ச்சு 19ஆம் நாள் அனைத்துலகத் திருச்சபைக்கும் கட்டாயத் திருநாளாயிற்று. ஒரே பக்தி ஓரிடத்தில் தமிழ்க் காவியமாயிற்று, ஓரிடத்தில் ஓவியமாயிற்று. முனிவர் சூசையப்பருக்குச் சொற்களை வாரி வழங்கினார். ஓவியரோ நற்செய்தி காட்டும் மௌனத்தை அப்படியே விட்டுவைத்தார். பேசாத தந்தை ஒருவரிடம் வளர்ந்த நமக்கு, ஓவியரின் வழி சற்று நெருக்கமாகப் பட்டது.

பேராசிரியர் ஒருமுறை மாலை வேளையில் கோவில் வீதி வரை நம்முடன் நடந்து வந்தார். தில்லையில் திரை விலகினால் வெளியும் அதில் தொங்கும் பொன் வில்வமாலையுமே காட்சி என்பதையும், மருதூரில் 1823இல் பிறந்த வள்ளலார் 1872இல் வடலூர் ஞானசபையில் ஏழு திரைகளுக்குப் பின்னே சோதியை அமைத்ததையும் சொல்லிக்கொண்டு வந்தார். நம் விசுவாசம் வேறு. அதை அவரும் அறிவார். ஆயினும் பிற சமயங்களிலும் உண்மையின் கதிர் ஒளிர்வதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் ஏற்றுப் போற்றியிருக்கிறது. ஒளியைக் காண்பதற்கு முன் திரைகளைக் கடக்கவேண்டும் என்பது இம்மண்ணின் மக்களுக்குப் புதிய செய்தியன்று. நமக்கும் நம் தந்தையாருக்கும் இடையே எத்தனை திரைகள் என்று அன்று இரவு எண்ணிப் பார்த்தோம்.

2011 டிசம்பர் 30 அதிகாலையில் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. நாம் அப்போது சிதம்பரத்தை அடுத்த ஒரு பங்கில் இருந்தோம். பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் வரிசையாக முறிந்தன. ஊர்கள் பல வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. பங்கு மக்களுக்குச் செய்யவேண்டியவற்றைச் செய்துவிட்டு, திருக்காட்சிப் பெருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பாக, விழுந்த மரங்களினூடே இருசக்கர வண்டியில் கடலூர் முதுநகர் வந்து சேர்ந்தோம். பொழுது சாய்ந்திருந்தது. தெருவில் ஒரு விளக்கும் இல்லை.

தந்தையாருக்கு அப்போது எழுபத்து மூன்று வயது. மூச்சிரைப்பு நோயால் வேலையை விட்டு நான்காண்டுகள் ஆகியிருந்தன. அவரை வீட்டில் காணோம். பக்கத்து வீட்டில் தனியே வாழ்ந்த கைம்பெண் ஒருத்தியின் கதவைக் காற்று பெயர்த்தெறிந்திருந்தது. பழைய கருவிப்பெட்டியோடு அவர் அங்கே உட்கார்ந்து, கதவின் சட்டத்தைப் பொருத்திக் கொண்டிருந்தார். ஒரு செங்கல்லின்மேல் மெழுகுவத்தி எரிந்தது. கடற்காற்றில் அது அணைவதும் அவர் மறுபடி ஏற்றுவதுமாக இருந்தது.

நாம் அங்கியோடு அருகே போய் நின்றோம். “வாங்க சாமி” என்றவர், எழ முயன்றார். வேண்டாமென்று தடுத்து, மெழுகுவத்தியை எடுத்துக்கொண்டு குனிந்தோம். காற்றுக்கு மறைவாக மற்றக் கையைக் குவித்தோம். நம் விரல்கள் செக்கச் சிவந்து ஒளிர்ந்தன. அந்த ஒளி அவருடைய நெற்றிச் சுருக்கங்களில் விழுந்தது. திருப்புகழ்மாலைக்குள் எத்தனையோ ஆண்டுகளாகச் சுமந்து திரிந்த படம் அப்போதுதான் நம் கண்முன் திறந்தது. துளையை அளந்தபடி, தலை நிமிராமல் அவர் சொன்னார்: “கொஞ்சம் இந்தப் பக்கம் பிடி தம்பி.”

பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த ‘தம்பி’. சொன்னதை அவர் உணரவில்லை. வேலையில் மூழ்கிய மனிதர் மரியாதைகளை மறந்துவிடுகிறார். ஏறத்தாழ ஒரு மணி நேரம் அப்படியே நின்றோம். அன்று விரலில் உளி பட்டதற்கு வருந்துகிறோமா, பட்டறையை விட்டுப் போனது உங்களுக்கு நோவாக இருந்ததா என்றெல்லாம் பேச நினைத்தோம். பேசவில்லை. விளக்கு அசையாமல் இருக்கவேண்டும் என்பதே அப்போது பெரிதாகப் பட்டது. கீல் பொருந்தியது, தாழ்ப்பாள் விழுந்தது. அந்த அம்மாள் கதவைச் சாத்தித் திறந்து பார்த்துக் கண்ணீர் துடைத்தாள். தந்தையார் கருவிகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினார். பிறகு, “போதும் சாமி, அணைச்சிடுங்க. மெழுகுவத்தி வீணாப் போகுது” என்றார்.

மறு ஆண்டு தவக்காலத்தில் ஓர் இரவு அவர் காலமானார். நாம் சென்று சேர்வதற்குள் வேறொரு குருவானவர் நோயிற்பூசுதல் கொடுத்திருந்தார். கேட்கவேண்டியவை கேட்கப்படாமலே போயின. ஆனால் அவற்றுக்கு விடை கிடைக்காத குறை நம்மை இப்போது அழுத்துவதில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் நாம் அவருக்கு மகனாக நின்றோம். அது போதும் என்று நன்றியோடு ஏற்றுக்கொள்கிறோம்.

இயேசுவின் முகத்தில் ஒளி விழுவது முறையே. அவர்தாம் ஒளி, திரி அவர் கையிலிருப்பினும் வெளிச்சம் அவருடையதே. நமக்கு அப்படியில்லை. திருப்பணி என்னும் விளக்கு நம்மிடம் கடனாகத் தரப்பட்டிருக்கிறது. மறையுரை, திருவிழா, கட்டடப்பணி, கல்வெட்டில் பொறிக்கும் பெயர் என எத்தனை வழிகளில் அதை நம் முகத்துக்கே பிடித்துக்கொள்கிறோம்! பெற்றோர், ஆசிரியர், பங்குப்பேரவையினர் எவருக்கும் இந்தச் சோதனை உண்டு. சூசையப்பரோ கனவில் நான்கு முறை இறைக்கட்டளை பெற்று, நான்கு முறையும் இருளிலேயே எழுந்து நடந்தவர். திருத்தந்தை பிரான்சிசு 2020 டிசம்பர் 8இல் வெளியிட்ட மடலில் அவரை விண்ணகத் தந்தையின் நிழலாகக் கண்டார். ஒளிக்கு மிக அருகே நிற்பவருக்கே நிழல் ஆழமாக விழுகிறது.

மார்ச்சு 19ஆம் நாள் இரவு, தேர்பவனி முடிந்தபின், ஆலயத்தின் விளக்குகள் அனைத்தையும் பத்து நிமிடம் அணைக்குமாறு இளைஞர்களைக் கேட்டுக்கொண்டோம். சிலருக்கு வருத்தந்தான், அவர்கள் உழைப்பல்லவா? பேழையின் கண்ணாடிக் கதவைத் திறந்து, பீடச்சிறுவன் ஒருவன் கையில் மெழுகுதிரியைக் கொடுத்தோம். அவன் நம் பங்கின் கொத்தனார் ஒருவரின் மகன். பெருமை தாங்காமல், சுடரைத் தன் முகத்தருகே உயர்த்திக் கூட்டத்தில் தன் தாய் எங்கே என்று தேடினான்.

நாம் குனிந்து அவன் காதில் மெல்லச் சொன்னோம்: “உனக்கில்லை தம்பி, அவருக்குப் பிடி.”

அவன் திரும்பிச் சுடரை நீட்டினான். முன்வரிசையில் அந்த முதிய அம்மையார் முழந்தாளிட்டிருந்தார். இம்முறை அவர் புருவத்தின்மேல் கைவைக்கவில்லை.